அணிசெய்யவோ வந்தனர்?

கலைவிழா அழைப்பிதழ் ஒன்றைக் கையிலெடுத்து முதலிலிருந்து முடிவுவரை நிதானமாகப் படிப்போர் நம்முள் மிகச் சிலரே. படித்தால், ஒரு சமூகத்தின் கலைக்கொள்கை முழுவதையும் அந்த நான்கு பக்கத் தாளிலேயே கண்டுகொள்ளலாம். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்போர் தத்தம் பதவிகளோடும் பட்டங்களோடும் முற்பக்கத்தை நிறைப்பர். ஆடுபவர் அல்லது பாடுபவரின் பெயர் நடுவே பொன்னெழுத்தில் திகழும். குருவின் பெயர் அதனையடுத்து வரும். கடைசிப் பக்கத்தின் அடியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, 'அணிசெய் கலைஞர்கள்' என்ற தலைப்பின்கீழ் வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என ஒரு சிறு பட்டியல் இருக்கும். சில அழைப்பிதழ்களில் அப்பட்டியலும் இராது. 'பக்கவாத்தியக் குழுவினர்' என்ற இரு சொற்களோடு காரியம் முடிந்துவிடும்.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. ஓர் இசை நிகழ்வில் கலைஞர் என்பார் ஒருவரே, ஏனையோர் அவருக்கு வாய்த்த உபகரணங்கள் என்னும் எண்ணமே அத்தாளில் அச்சேறியிருக்கிறது. இவ்வெண்ணம் பிழையானது. இது நம் மரபு நமக்குத் தந்ததுமன்று. இதனை இனியும் பேணுவோமாயின் நம் மேடைகளில் உயிருள்ள வாத்தியம் என்ற ஒன்றே இல்லாதொழியும். இம்மூன்றையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

'அணி' என்பதற்கு ஆபரணம் என்றும் பொருளுண்டு. வரிசை, படை என்றும் பொருளுண்டு. அழைப்பிதழ் எழுதுவோர் முதற்பொருளையே கொள்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆபரணத்தைக் கழற்றி வைத்தாலும் உடல் உடலாகவே இருக்கும். வயலினும் மிருதங்கமும் ஆபரணங்களாயின், அவற்றைக் கழற்றி வைத்த பின்னரும் கச்சேரி கச்சேரியாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கின்றதா?

கர்நாடக இசைக் கச்சேரி நடைபெறும் முறையைச் சிறிது நோக்குவோம். பாடகர் இராக ஆலாபனை செய்கையில், அவர் நிறுத்துமிடங்களில் வயலின் அந்த நாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பின்னர் வயலின் கலைஞர் அதே இராகத்தைத் தம் நோக்கிலே தனித்து விரிக்கிறார். நிரவலிலும் கற்பனாசுரத்திலும் பாடகர் அந்தக் கணத்தில் தோற்றுவித்த ஒன்றுக்கு, அடுத்த கணத்திலேயே அவர் விடையிறுக்க வேண்டும். பெரும்பாலான கச்சேரிகளுக்கு முன்கூட்டிய ஒத்திகை கிடையாது. அடுத்து வரப்போகும் கீர்த்தனை யாதென்பதை மேடையிலமர்ந்த பின்னரே அறிந்துகொள்ளும் பக்கவாத்தியக் கலைஞர் பலர். எழுதிவைத்த விடையை ஒப்புவிப்பவரை நாம் புலமையாளர் என்கிறோம். வினா எதுவென்றே தெரியாமல் சபைமுன் அமர்ந்து விடை சொல்பவரை ஆபரணம் என்கிறோம்.

தனியாவர்த்தனம் தொடங்கியதும் நிலைமை முற்றாக மாறுகிறது. அப்போது பேசுவது மிருதங்கம். பாடகர் கையால் தாளமிட்டுக் கணக்கைக் காத்துநிற்கிறார். அந்தக் கால்மணி நேரத்தில் யார் யாருக்குப் பக்கம்? காஞ்சிபுரம் நயினாப்பிள்ளை கடம், கஞ்சிரா, முகர்சிங், கொன்னக்கோல் எனப் பல தாளக் கலைஞரைத் தம்மைச் சூழ இருத்திப் பாடினார். அத்துணை பேரின் கணக்குக்கும் ஈடுகொடுப்பதையே அவர் தம் வித்துவத்தின் உரைகல்லாகக் கொண்டார். அவருக்கு அவர்கள் ஆபரணங்களாக இருக்கவில்லை. தம்மோடு பொருதும் சமவலிமை உடையோராகவே இருந்தனர்.

ஆயினும் நிறுவனங்கள் இவ்வுண்மையை ஏற்க நெடுங்காலம் எடுத்தன. சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' விருது 1942 முதல் வழங்கப்பட்டு வருகிறது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதனை முதன்முதலாகப் பெற்றது 1966 இல். அவர் பாலக்காடு மணி ஐயர். இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிலும் விருது பெற்ற பாடகர் ஒவ்வொருவரும் யாருடைய தாளத்தின்மேல் நின்று பாடினார் என்ற வினாவை எழுப்பினால், அவ்விருதுப் பட்டியலின் பாதி வெறுமையாகவே தோன்றும்.

ஐரோப்பாவில் பியானோவின் கதை

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியச் செவ்வியல் இசையில் பியானோக் கலைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே அக்கதையையும் ஒருமுறை நோக்குதல் நம் வாதத்துக்குத் துணைசெய்யும்.

பியானோ பயின்ற ஒருவர்முன் இரு வழிகள் உள. ஒன்று, தனியராக மேடையேறிப் புகழ்பெறுவது. மற்றையது, பாடகரோடோ, வயலின், செலோக் கலைஞரோடோ இணைந்து வாசிப்பது. பின்னதில் மூவரோ நால்வரோ ஐவரோ கூடி, நெறிப்படுத்துநர் எவருமின்றி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கும் வகையை 'அறையிசை' எனலாம். பெரிய மண்டபங்களுக்கு முற்பட்ட காலத்தில், வீட்டு அறைகளிலும் அரண்மனைக் கூடங்களிலும் வளர்ந்த இசையாதலின் அதற்கு இப்பெயர். இவ்வழியைத் தெரிந்தெடுத்தவர் தனிக் கலைஞராக உயர முடியாமற்போனவர் என்னும் எண்ணம் அங்கும் நிலவியது.

இவ்வெண்ணத்தின் பொய்ம்மையை அவ்விசையின் வரலாறே காட்டிக்கொடுக்கிறது. 1764 இல் பாரிஸ் நகரில் மொசார்ட்டின் முதற்படைப்புகள் அச்சேறின. அப்போது அவருக்கு எட்டு வயது. விசைப்பலகைக் கருவிக்குரிய இப்படைப்புகளை வயலின் துணையோடும் வாசிக்கலாம் என்றே அவற்றின் முகப்பில் குறிக்கப்பட்டிருந்தது. அதாவது, அன்று விசைப்பலகையே தலைவர், வயலினே பக்கவாத்தியம்! 1803 இல் பீத்தோவனின் ஒன்பதாவது வயலின் சொனாட்டா வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது பியானோவின் முன் அமர்ந்தவர் பீத்தோவனே. அப்படைப்பில் இரு கருவிகளும் சரிநிகர் சமானமாக எதிரெதிர் நின்று வாதிடுகின்றன. பிற்காலத்தில் பெரிய மண்டபங்களும், கட்டணச் சீட்டும், நட்சத்திரக் கலைஞர் வழிபாடும் ஓங்கின. சுவரொட்டியில் ஒரு பெயர் பெரிதாக வேண்டியிருந்தமையால் மற்றைய பெயர் சிறிதாயிற்று. தலைமையும் பக்கமும் இசையின் இயல்பிலிருந்து பிறந்தவையாயின் நாற்பது ஆண்டுகளுக்குள் இடம் மாறியிருக்குமா? அவை சந்தையும் வழக்கமும் வகுத்த இடங்கள்.

இந்த நிலைமையை எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர் ஆங்கிலேயரான ஜெரால்ட் மூர் (1899 - 1987). தனிக்கச்சேரிப் புகழை நாடாது, பாடகர்களோடு இணைந்து வாசிப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அவர். ஃபிஷர்-டீஸ்காவ், எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், கத்லீன் ஃபெரியர் முதலிய பெரும் பாடகர் பலர் அவர் பியானோவின் அருகில் நின்று பாடினர். பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்பதை முன்னுணர்ந்து விரல் தாழ்த்துவது, குரலின் எல்லைக்கு ஏற்பப் பாடலைச் சுருதி மாற்றி வாசிப்பது, பாடல் தொடங்குமுன் வரும் சில கணப் பியானோ இசையிலேயே கவிதையின் உணர்வைச் சபையில் ஊன்றுவது ஆகியன தனிக்கலைஞருக்கு வேண்டாத, தனிக்கலைஞர் பலருக்கு வாராத திறன்கள் என்பதை அவர் வாசிப்பு நிறுவியது. 1943 இல் வெளிவந்த அவரது நூலொன்றின் தலைப்பு 'நாணமுறாத பக்கவாத்தியக்காரர்' எனப் பொருள்படுவது. 1962 இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கோ, 'நான் மிகையாக ஒலிக்கின்றேனா?' என்று பெயரிட்டார். காலமெல்லாம் ஒலியைக் குறைக்கும்படி பணிக்கப்பட்ட ஓர் இனத்தின் கேலி அத்தலைப்பில் உண்டு. 1967 இல் இலண்டனில் நடந்த அவரது பிரியாவிடைக் கச்சேரியில் புகழ்வாய்ந்த பாடகர் மூவர் பாடினர். இறுதியில் மூர் மட்டும் தனித்தமர்ந்து ஷுபெர்ட்டின் பாடலொன்றைப் பியானோவில் வாசித்து விடைபெற்றார். பாடகர் இல்லாத பாடலாக ஒலித்த அவ்விசையைக் கேட்டோருக்கு, அத்தனை ஆண்டுகளாகப் பாடலின் பாதி எங்கிருந்து வந்தது என்பதை வேறெவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. இலங்கைப் பெற்றோருக்கு 1939 இல் பிறந்து 2024 இல் மறைந்த செலோக் கலைஞர் ரொஹான் த சேரம், தனிக்கலைஞராக உலகப் புகழ் பெறத்தக்க ஆற்றலுடையவர். அவரோ தம் வாழ்வின் கால்நூற்றாண்டை, 2005 வரை, ஆர்டிட்டி நால்வர் குழுவில் ஒருவராக அமர்ந்து வாசிப்பதிற் கழித்தார். கண்டிய மேளத்தையும் பயின்றவர் அவர். இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ அவருக்கென்று 2002 இல் ஆக்கிய செலோப் படைப்பில் அம்மேளத்தின் தாளங்கள் ஒலிக்கின்றன. அவருடைய சகோதரர் துருவி த சேரம் பியானோக் கலைஞர். தமையனோடு இணைந்து மேடைகளில் வாசித்தவர். செலோவின் பெயரை அறிந்தோருள்ளும் அருகிலிருந்த பியானோவின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? தமிழர், சிங்களவர் என்ற பேதமின்றி இத்தீவினர் யாவரும் ஒற்றுமையாகச் செய்யும் மறதி இதுவொன்றே போலும்!

நம் மரபு சொல்வது

ஐரோப்பியரின் குறையை எடுத்துக்காட்டி நம் குறையை நியாயப்படுத்துவார் உளர். 'எங்கும் உள்ளதுதானே' என்பர். நம் மரபில் இது எங்குமே இல்லை என்பதுதான் உண்மை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துக்கொள்க. அது மாதவியின் அரங்கேற்றம். இன்றைய அழைப்பிதழ்க்காரர் கையில் அக்காதையைக் கொடுத்திருந்தால் மாதவியைப் பற்றி நூறு அடிகளும், ஏனையோரைப் பற்றி ஓரடியும் எழுதியிருப்பார். இளங்கோவடிகளோ ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொருவருக்கும் வேண்டிய புலமை இன்னதென்று விரித்துரைக்கிறார். தண்ணுமை வாசிப்பவனும் 'ஆசிரியன்' என்ற தகுதியோடுதான் அரங்கேறுகிறான். ஒரு கருவி இன்னொன்றின் வழிநிற்க, அது பிறிதொன்றின் வழிநிற்க, அனைத்தும் ஒன்றிய பின்னரே ஆடல் நிகழ்கிறது.

இக்காதையின் இசைநுட்பங்களை ஆராயப் புகுந்ததன் பயனாகவே, காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. தாம் மறையுமுன் அடிகள் தமிழுக்குத் தந்த இறுதிப் பெருங்கொடை அது. அந்நூல் ஒரு பாடகரைப் பற்றியதன்று. ஒரு கருவியைப் பற்றியது. மறைந்துபோன ஒரு வாத்தியத்தின் உறுப்பையும் நரம்பையும் பண்ணையும் மீட்டெடுக்கப் பேரறிஞர் ஒருவர் பல்லாண்டு உழைத்தார். கல்லடியில் 1982 இல் அவர் பெயரால் தொடங்கிய இசை நடனக் கல்லூரியே இன்று நம் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக விளங்குகிறது. அடிகளின் உருவப்படத்துக்கு மாலையிட்ட அதே மேடையில் வாத்தியக்காரரைப் பெயரின்றி இருத்துவதைவிட அவருக்குச் செய்யத்தக்க அவமதிப்பு வேறில்லை.

களரியின் நடுவில் நின்றவர்

ஏடு கூறும் மரபு கிடக்கட்டும். வாவியின் இருமருங்கிலும் வாழும் மக்கள் தம் காலாலும் குரலாலும் காத்த மரபு ஒன்று உண்டு. மட்டக்களப்புக் கூத்தின் வட்டக் களரியை அறியாதார் நம்முள் இரார். அக்களரியின் நடுவில் நிற்பவர் யார்? மன்னனாக வரும் கூத்தரா? இல்லை. மத்தளத்தோடு அண்ணாவியாரும், சல்லரி போடுபவரும், பிற்பாட்டுக்காரரும், கொப்பி பார்ப்பவருமே நடுவில் நிற்பர். முடிபுனைந்த வேந்தரும் வில்லேந்திய வீரரும் அவர்களைச் சுற்றியே ஆடுவர். சுற்றிவரச் சனம் அமர்ந்திருக்கும். கூத்தர் பாடிய தருவை வாங்கிப் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவர். ஆட்டக்காரர் தளர்ந்தால் மத்தளம் அவரைத் தூக்கி நிறுத்தும், விரைந்தால் கட்டுப்படுத்தும், பாட்டை மறந்தால் எடுத்துக்கொடுக்கும் குரல் நடுவிலிருந்து வரும். நடுவே வாத்தியமும் சுற்றிலும் ஆட்டமும் அதற்கப்பால் மக்களுமாக அமைந்த இந்த அரங்கில் 'பக்கம்' என்று ஒன்றில்லை, வட்டத்துக்குப் பக்கமேது?

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் புத்துயிர்ப்புச் செய்தார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலி வதை' (1968) என்பன அம்முயற்சியின் பேறுகள். படித்தவர் இழிவாகக் கருதிய ஒரு கலையைப் பல்கலைக்கழக மாணவர் ஆடத் தலைப்பட்டமை பெரும் பண்பாட்டுப் புரட்சி. அதற்குத் துணைநின்ற அண்ணாவியார் செல்லையா, நம் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இதே வந்தாறுமூலை மண்ணைச் சேர்ந்தவர் என்பது நாம் பெருமையுறத்தக்கது. ஆயினும் அம்மாற்றத்துக்கு நாம் கொடுத்த விலையையும் கூறத்தான் வேண்டும். வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று. இரவு முழுதும் நிகழ்ந்தது ஒன்றிரண்டு மணி நேரமாயிற்று. நடுவில் நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஒரு பக்கத்துக்கு நகர்த்தப்பட்டனர். மேடையமைப்பின் தேவையால் நேர்ந்த அந்நகர்வைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இடத்தால் நகர்த்தப்பட்டவரை, பின்வந்த நாம் மதிப்பாலும் நகர்த்திவிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. 'மீன்பாடும் தேன்நாடு' என்று பாடும் மீனைக் கொண்டு நாட்டுக்குப் பெயர் வைத்தோம். மத்தளம் கொட்டிய மனிதரை அழைப்பிதழின் அடியில் வைத்தோம்.

மறுப்புரைகளும் விடைகளும்

'எவரேனும் ஒருவர் வழிநடத்தத்தானே வேண்டும்? எல்லோரும் தலைவராயின் இசை என்னாவது?' என்பது முதல் மறுப்பு. வழிநடத்துவது ஒரு தொழில். உயர்வு தாழ்வு வேறொன்று. ஒரே நிகழ்ச்சியில் வழிநடத்தும் தொழில் கைமாறிக்கொண்டே இருப்பதை மேலே கண்டோம். 1966 இல் லால்குடி ஜெயராமன் வயலின், வேணு, வீணை என்ற மூன்றையும் ஒரே மேடையில் இணைத்து வாசிக்கத் தொடங்கியபோது, அம்மூன்றனுள் எது பக்கவாத்தியம் என்று எவரும் கேட்கவில்லை. இசை குலைந்துபோகவுமில்லை.

'மக்கள் பாடகரைக் கேட்கவும் ஆடுபவரைப் பார்க்கவுமே வருகின்றனர்' என்பது இரண்டாம் மறுப்பு. மக்கள் எதனைக் கேட்கப் பழக்கப்பட்டனரோ அதனைக் கேட்கின்றனர். விமரிசனம் எழுதும் நாம், பாடகரைப் பற்றி மூன்று பந்தி எழுதி, இறுதியில் 'பக்கவாத்தியங்களும் நிகழ்வுக்கு மெருகூட்டின' என்ற ஒரே வாக்கியத்தை ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிறோம். அந்த வாக்கியத்தை எழுதுவதற்கு நிகழ்ச்சிக்குப் போகவேண்டிய தேவைகூட இல்லை. கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவரே கேளாதிருக்கையில் மக்களைக் குறைகூறல் எங்ஙனம்?

'வாத்தியக் கலைஞர் எவரும் முறையிடவில்லையே' என்பது மூன்றாம் மறுப்பு. இது எல்லாவற்றினும் கொடியது. அடுத்த மேடைக்கு அழைக்கப்படுவதும் கைவிடப்படுவதும் இன்னொருவரின் விருப்பைப் பொறுத்தது என்ற நிலையிலுள்ளவர் எவ்வாறு முறையிடுவார்? கூலியும் அழைப்பும் பிறர் கையில் இருக்குமிடத்து மௌனம் சம்மதமாகாது என்பதைச் சமூகவியல் பயிலும் மாணவருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இறுவட்டு காத்திராது

இந்த அலட்சியத்தின் விளைவு இப்போது நம் கண்முன்னே நிற்கிறது. வாத்தியம் வெறும் ஆபரணமாயின், செலவு மிகுந்த ஆபரணத்துக்குப் பதிலாக மலிவானதைப் பூட்டலாமன்றோ? பாடசாலை விழாக்களிலும் ஊர் மேடைகளிலும் நடனத்துக்கு இன்று ஒலிப்பதிவே போதுமாயிற்று. முன்னர் இறுவட்டு, இப்போது கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு கம்பி. மிருதங்கம் பயிலும் மாணவன் எந்த மேடையில் வாசிப்பான்? மேடை இல்லாத கலையைப் பயில எவன் வருவான்? பயில்வோர் குன்றியபின், 'வாத்தியக்காரர் கிடைப்பதில்லை, ஆதலின் ஒலிப்பதிவைப் பயன்படுத்துகிறோம்' என்று நாமே காரணமும் கூறுவோம்.

ஆடுபவளின் சலங்கை அவிழ்ந்தால் மிருதங்கம் ஓர் ஆவர்த்தனம் கூடுதலாக வாசித்து அவளைக் காக்கும். அவள் கண்ணில் ஓர் உணர்வு எழுந்தால் வயலின் அதனைக் கண்டு நீளும். இறுவட்டு காத்திராது, அவளைப் பார்க்கவும் மாட்டாது. ஒலிப்பதிவுக்கு ஆடும் பிள்ளை, கேட்கும் செவியற்ற ஒன்றோடு உரையாடுகிறாள். இதனையே கலைப்பயிற்சி என்று ஒரு தலைமுறைக்குக் கற்பித்து வருகிறோம்.

செய்யவேண்டியவை

கொள்கை பேசிக் கலைந்துபோவது பல்கலைக்கழகத்தாரின் பழைய வழக்கம். ஆதலின் நம் சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றேன். இவற்றுள் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை.

முதலாவது, நம் சங்கத்தின் அழைப்பிதழில் மேடையேறும் கலைஞர் அனைவரதும் பெயர்கள் ஒரே அளவு எழுத்தில், ஒரே பக்கத்தில் இடம்பெறல் வேண்டும். 'அணிசெய்', 'பக்க' என்னும் அடைமொழிகளை நீக்கி, 'இசைப்போர்' என்று மட்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது, பொன்னாடையும் பாராட்டும் அனைவருக்கும் ஒரே வேளையில், ஒரே மேடையில் வழங்கப்படல் வேண்டும். பிரதம விருந்தினர் புறப்பட்டுச் சென்றபின் திரைமறைவில் உறையொன்றைக் கையில் திணிக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும்.

மூன்றாவது, நம் இதழில் வெளிவரும் விமரிசனங்கள் வாசித்தவரைப் பெயர் குறித்து, அவர் வாசித்ததை ஆராய்ந்து எழுதப்படல் வேண்டும். குறையிருப்பின் குறையையும் எழுதுக. குறைகூறத்தக்க அளவுக்கேனும் ஒருவரைக் கவனித்துக் கேட்பதும் மதிப்பின் பாற்பட்டதே.

நான்காவது, இவ்வாண்டுக் கலைவிழாவில் கூத்து நிகழுமாயின் மண்டப மேடையை விடுத்து வளாகத்து வெளியிலே களரி அமைப்போம். வந்தாறுமூலை மணலுக்கு அது புதிதன்று. நடுவில் அண்ணாவியார் நிற்கட்டும். பிரதம விருந்தினர் உட்பட நாமனைவரும் சுற்றியமர்ந்து, யாரைச் சுற்றி யார் ஆடுகின்றனர் என்பதை ஓர் இரவு முழுதும் பார்ப்போம். அதன் பின்னரும் 'பக்கவாத்தியம்' என்ற சொல்லை அச்சிட எவருக்கேனும் மனம் வருமாயின், அவரோடு அடுத்த இதழில் மீண்டும் வாதிட ஆயத்தமாயிருக்கிறேன்.